டாக்காவில் முடிந்த போரும் லாகூர் வரை நீண்ட வழக்கும்

குன்னூரிலும் வெலிங்டனிலும் 1971ஆம் ஆண்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது போர்க்கதையாகத்தான் தொடங்கும், போர்க்கதையாகத்தான் முடியும். அதில் வியப்பில்லை. அந்த இந்திய பாகிஸ்தான் போரின்போது தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த சாம் மானெக்‌ஷா, அதற்கு முன்பே வெலிங்டன் முப்படை அதிகாரிகள் கல்லூரியின் தலைவராக இருந்தவர். ஓய்வுக்குப் பின் குன்னூரிலேயே குடியேறினார். 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமாகி, ஊட்டியில் பார்சிகளின் கல்லறைத் தோட்டத்தில் மனைவிக்கு அருகில் அடக்கமானார். மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் இங்கேதான் இருப்பதால், கடைவீதியில் எதிர்ப்படும் முதியவர்களில் சிலர் அந்தப் போரில் துப்பாக்கி தூக்கியவர்கள். எங்கள் தெருவில் கிழக்கு முனையிலிருந்து திரும்பிய ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். "டாக்கா விழுந்துடுச்சுன்னு சேதி வந்தப்போ, அவ்வளவுதான், நம்ம வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சோம் தம்பி" என்பார்.

படைவீரர் என்ற முறையில் அவர் நினைத்தது சரியே. டிசம்பர் 3 அன்று தொடங்கிய போர் 16 அன்று முடிந்தது. ஆனால் கிழக்குப் பாகிஸ்தானாக இருந்து அந்தப் போரால் வங்கதேசமாகப் பிறந்த நாட்டை உலகம் ஏற்றுக்கொள்வதற்கு ஆன காலம் வேறு கணக்கு. பாகிஸ்தான் அதை ஒப்புக்கொள்ள 2 ஆண்டும் 2 மாதமும் ஆயின. ஐக்கிய நாடுகள் சபையில் இடம் கிடைக்க 2 ஆண்டும் 9 மாதமும் ஆயின. சீனா ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ 3 ஆண்டு 8 மாதம் ஆனது. இந்த இரண்டாவது கதை எங்கள் ஊரில் யார் வாயிலும் வருவதில்லை. துப்பாக்கிச் சத்தம் இல்லாத கதை என்பதனாலோ என்னவோ, அதைக் கேட்பாரும் குறைவு. எனக்கோ, போரைவிட அதுவே கடினமாக இருந்தது என்றும், அதற்குக் கொடுக்கப்பட்ட விலைதான் அதிகம் பேசப்பட வேண்டியது என்றும் தோன்றுகிறது.

ஒரு நாடு எப்போது நாடாகிறது என்பதற்கு 1933ஆம் ஆண்டின் மாண்டிவிடியோ உடன்படிக்கை நான்கு தகுதிகளைச் சொல்கிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன். அதே உடன்படிக்கையின் மூன்றாவது பிரிவு, ஒரு நாடு அரசியல்ரீதியாக இருப்பதற்குப் பிற நாடுகளின் அங்கீகாரம் தேவையில்லை என்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையோ கூடலூர்ப் பக்கத்து ஜென்ம நிலம் போன்றது: தலைமுறையாகக் குடியிருந்து பயிர் செய்யலாம், வரப்பு எது என்று ஊருக்கே தெரிந்திருக்கலாம், பட்டா இல்லாதவரை மின் இணைப்புக்கும் வங்கிக் கடனுக்கும் அலைய வேண்டியதுதான். அங்கீகாரம் இல்லாத அரசாங்கம் உலக வங்கியிடம் கடன் கேட்க முடியாது, தன் கடவுச்சீட்டில் குடிமகனை அனுப்ப முடியாது, தன்னைப் பற்றி நடக்கும் பேச்சுவார்த்தையிலேயே நாற்காலி கேட்க முடியாது. கடைசியாகச் சொன்னதுதான் வங்கதேசத்தை மிக அதிகமாக வாட்டியது.

முதல் முயற்சிகள் போருக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டன. 1971 ஏப்ரல் 17 அன்று, இந்திய எல்லையை ஒட்டிய மெஹர்பூர் பகுதியில் ஒரு மாந்தோப்பில் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் முன்னிலையில் வங்கதேசத்தின் தற்காலிக அரசாகத் தாஜுதீன் அகமதுவின் அமைச்சரவை பதவியேற்றது. நாட்டின் தலைவர் என்று அறிவிக்கப்பட்ட முஜிபுர் ரஹ்மான் பாகிஸ்தான் சிறையில் இருந்தார். தலைநகரம் எதிரியின் கையில் இருந்தது. மறுநாளே கல்கத்தாவில் பாகிஸ்தானின் துணைத் தூதராக இருந்த ஹுசைன் அலி, வங்காளிப் பணியாளர்களோடு சேர்ந்து அந்த அலுவலகத்தின் கொடியை இறக்கிவிட்டு வங்கதேசக் கொடியை ஏற்றினார். அதற்கும் முன்னதாக ஏப்ரல் 6 அன்றே தில்லியில் ஷெஹாபுதீன், அம்ஜதுல் ஹக் என்ற இரண்டு இளம் அதிகாரிகள் பாகிஸ்தான் தூதரகத்தை விட்டு வெளியேறியிருந்தார்கள். ஆகஸ்டில் வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் வங்காளி அதிகாரிகள் கூட்டமாக விலகினார்கள். லண்டனில் டாக்கா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த நீதிபதி அபு சயீத் சௌத்ரி சிறப்புப் பிரதிநிதியாக நின்று, நாடு நாடாகப் போய்க் கதவைத் தட்டினார். இவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் நாடு இன்னும் வரைபடத்தில் இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்தத் துணிவின் அளவு புரியும்.

இந்த முயற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது தபால்தலை. 1971 ஜூலை 29 அன்று, கையில் நிலம் நிலையாக இல்லாத அந்த அரசாங்கம் 8 தபால்தலைகளை வெளியிட்டது. வடிவமைத்தவர் லண்டனில் வாழ்ந்த பிமன் மல்லிக். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிரிட்டன் வெளியிட்ட காந்தி தபால்தலையை வரைந்தவரும் அவரே. 10 பைசாத் தலையில் நாட்டின் வரைபடம், 20 பைசாவில் டாக்கா பல்கலைக்கழகப் படுகொலை, 5 ரூபாயில் முஜிபின் முகம், 10 ரூபாயில் வங்கதேசத்தை ஆதரியுங்கள் என்ற வேண்டுகோள். இடையில் 2 ரூபாய்த் தலையில் 1970 தேர்தல் முடிவைப் போட்டிருந்தார்கள். தபால்தலையில் தேர்தல் முடிவைப் போடுவார்களா என்று முதலில் தோன்றும். வழக்கின் உயிர்நாடியே அதுதான். கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொது இடங்களில் 160ஐ முஜிபின் கட்சியான அவாமி லீக் வென்றிருந்தது. பாகிஸ்தான் முழுவதற்குமே பெரும்பான்மை அது. ஆகவே நாங்கள் பிரிந்துபோகும் சிறுபான்மையினர் அல்லர், வென்றும் ஆட்சி மறுக்கப்பட்ட பெரும்பான்மையினர் என்று உறையின் மூலையிலேயே ஒட்டி அனுப்பினார்கள்.

அந்த வாதம் ஏன் தேவைப்பட்டது என்றால், நைஜீரியாவிலிருந்து பிரிய முயன்ற பயாஃப்ரா 1970 ஜனவரியில்தான் வீழ்ந்திருந்தது. அதை அங்கீகரித்தவை தான்சானியா, சாம்பியா, காபோன், ஐவரி கோஸ்ட், ஹைத்தி ஆகிய ஐந்து நாடுகள் மட்டுமே. வெள்ளையர் கிழித்துவிட்டுப் போன எல்லைகளுக்குள் பல இனங்களை வைத்துக்கொண்டு திணறிய புதிய நாடுகள் அனைத்தும், ஒருவருக்கு விட்டால் நாளை நம் வீட்டிலும் கேட்பார்கள் என்று அஞ்சின.

இந்தியாவுமே உடனே அங்கீகரிக்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். மார்ச் 31 அன்று நாடாளுமன்றம் ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றியது. அங்கீகரித்துவிட வேண்டியதுதானே என்று ஜெயப்பிரகாஷ் நாராயண் முதல் ஜனசங்கம் வரை குரல் எழுந்தது. இந்திரா காந்தியின் ஆலோசகர் பி.என். ஹக்சர் அதை ஒப்பவில்லை. தரையில் ஆட்சி இல்லாத அரசாங்கத்தை அங்கீகரித்தால், கிழக்கு வங்க மக்களின் போராட்டம் உலகின் கண்ணில் இந்தியா பாகிஸ்தான் சண்டையாகச் சுருங்கிவிடும் என்பது அவர் கணிப்பு. கிட்டத்தட்ட 1 கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்த நேரத்தில் இந்தப் பொறுமை கல்நெஞ்சாகத் தோன்றியிருக்கும். அது சரியான பொறுமை என்றே நான் கருதுகிறேன். ஏப்ரலில் கொடுத்திருந்தால் அந்த அங்கீகாரத்தின் மதிப்பு ஒரு கடிதத்தாள். டிசம்பரில் அதற்குப் பின்னால் படையும் இருந்தது, ஆகஸ்டில் சோவியத் ஒன்றியத்தோடு செய்த ஒப்பந்தமும் இருந்தது.

டிசம்பர் 6 அன்று இந்திரா காந்தி நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அதே நாளில் பூட்டானும் தந்தி அனுப்பியது. எது முதலில் என்ற பேச்சு பின்னாளில் எழுந்து, பூட்டான்தான் முதலில் என்று வங்கதேசமே சொல்லிவிட்டது. பூட்டான் ஐ.நா. உறுப்பினராகி அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை என்பது ஒரு சுவையான உபரி. மறுநாள், டிசம்பர் 7 அன்று, ஐ.நா. பொதுச்சபை போரை நிறுத்திப் படைகளைத் திரும்பப் பெறச் சொல்லும் தீர்மானத்தை நிறைவேற்றியது: ஆதரவு 104, எதிர்ப்பு 11. புதிய நாடு எத்தனை தனிமையில் பிறந்தது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

1972 ஜனவரி 8 அன்று விடுதலையான முஜிப் முதலில் லண்டன் போய்ச் சேர்ந்தார். பிரிட்டன் இன்னும் வங்கதேசத்தை அங்கீகரிக்கவில்லை. ஆனாலும் பிரதமர் எட்வர்ட் ஹீத் அவரைச் சந்தித்தார், திரும்பிச் செல்ல அரசு விமானமும் கொடுத்தார். இராஜதந்திரத்தில் காகிதத்துக்கு முன்பே விமானம் பேசிவிடுவது உண்டு. அதன்பின் வரிசை வேகமாக நகர்ந்தது. ஜனவரியில் கிழக்கு ஜெர்மனி, போலந்து, பல்கேரியா, பர்மா, நேபாளம், சோவியத் ஒன்றியம். பிப்ரவரி 4 அன்று பிரிட்டனும் மேற்கு ஜெர்மனியும் வேறு சில மேற்கு நாடுகளும். தொடக்கத்தில் அங்கீகரித்த சில நாடுகளோடு பாகிஸ்தான் அதிபர் பூட்டோ உறவை முறித்துப் பார்த்தார், காமன்வெல்த்திலிருந்தே வெளியேறினார், எண்ணிக்கை கூடக் கூட அந்த மிரட்டல் தன்னையே காயப்படுத்துவதாகிவிட்டது. டாக்காவில் இந்தியப் படை இருக்கும்வரை இது சுதந்திர நாடுதானா என்ற கேள்வியும் இருந்தது. மார்ச் 12 அன்று அந்தப் படை அணிவகுத்து விடைபெற்றது. அமெரிக்காவின் அங்கீகாரம் ஏப்ரல் 4 அன்று வந்தது. வென்ற படை மூன்றே மாதத்தில் வெளியேறியதை நம் பக்கத்தின் பெருந்தன்மையாக மட்டும் பேசுகிறோம். புதிய நாட்டுக்கு அது அங்கீகாரத்தின் முன்தேவையாகவும் இருந்தது.

இலங்கை மார்ச் 4 அன்று அங்கீகரித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, இந்தியா தன் வான்வழியை மூடியபோது, மேற்கிலிருந்து கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போன விமானங்கள் கொழும்பில் இறங்கித்தான் எரிபொருள் நிரப்பின. இரண்டு பெரிய அயலாரிடையே சிறிய நாடு எப்படி ஒதுங்கி நடக்கும் என்பதற்கு இது ஒரு பாடம். இலங்கையைப் பற்றி நான் சற்று நின்று பேசுவதற்கு வேறு காரணமும் உண்டு. என் தாத்தாவும் பாட்டியும் ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்து லயத்திலிருந்து தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரிப் பக்கத்தில் அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயின் தோட்டத்துக்கு வந்தவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கை அவர்களைக் குடிமக்கள் அல்லர் என்றது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். பிரிக்கப்பட்டவர்களில் ஒருவரையும் அந்த மேசைக்கு அழைக்கவில்லை. தன்னைப் பற்றிய பேச்சில் தனக்கு நாற்காலி இல்லாத நிலை எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல என்பதால், வங்கதேசத்தின் அடுத்த இரண்டு ஆண்டுகளை என்னால் வெறும் வரலாறாகப் படிக்க முடிவதில்லை.

ஏனெனில் 1972 ஜூலை 2 அன்று சிம்லாவில் இந்தியாவும் பாகிஸ்தானும் பேசியபோது வங்கதேசம் அங்கே இல்லை. பாகிஸ்தான் கண்ணில் அப்படி ஒரு நாடே இல்லை. டாக்காவில் சரணடைந்தவர்களோடு சேர்த்து சுமார் 93,000 பேர் இந்திய முகாம்களில் இருந்தார்கள். படை சரணடைந்தது இந்திய, வங்கதேசக் கூட்டுத் தளபதியத்திடம். எனவே வங்கதேசத்தின் ஒப்புதல் இல்லாமல் அவர்களை விடமுடியாது என்பது தில்லியின் நிலை. அங்கீகாரம் கொடு, கைதிகளைப் பற்றிப் பேசலாம் என்றது டாக்கா. கைதிகளை விடு, அங்கீகாரத்தைப் பற்றி யோசிக்கலாம் என்றார் பூட்டோ. இந்த முடிச்சுக்கு நடுவில் ஆகஸ்ட் 25 அன்று வங்கதேசத்தின் ஐ.நா. விண்ணப்பம் பாதுகாப்புச் சபைக்கு வந்தது. பதினொரு நாடுகள் ஆதரித்தன, கினி, சோமாலியா, சூடான் ஆகிய மூன்றும் ஒதுங்கின, சீனா தடுத்தது. மக்கள் சீனம் அந்தச் சபையில் அமர்ந்த பிறகு பயன்படுத்திய முதல் வீட்டோ அது. இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் தன்னையே வாசலில் நிறுத்தி வைத்திருந்த சபைக்குள் நுழைந்து ஒரு வருடம் ஆகுமுன், இன்னொரு நாட்டை வாசலில் நிறுத்தியது சீனா. சொன்ன காரணம், ஐ.நா. தீர்மானங்களின்படி கைதிகள் இன்னும் விடுவிக்கப்படவில்லை என்பது.

தேயிலை ஏலத்தைச் சார்ந்து பிழைப்பவன் என்பதால் இடையில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. முஜிப் 1957, 58ஆம் ஆண்டுகளில் பாகிஸ்தான் தேயிலை வாரியத்தின் தலைவராக இருந்தவர்; அந்தப் பதவிக்கு வந்த முதல் வங்காளி. சில்ஹெட் தேயிலையின் பெரிய சந்தை மேற்குப் பாகிஸ்தானாக இருந்தது. 1971இல் நாடு பிரிந்ததோடு அந்தச் சந்தை ஒரே நாளில் மூடிக்கொண்டது. 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்து, அங்கே போய்க்கொண்டிருந்த நம் நீலகிரித் தூளுக்கு ஆளில்லாமல் போனதைக் கண்டவர்களுக்கு அதன் வலி தெரியும். பச்சைத் தேயிலை விலை சரிந்து சிறு விவசாயிகள் தோட்டத்தைப் பார்க்கவே கசந்த ஆண்டுகள் அதைத் தொடர்ந்துதான் வந்தன. சில்ஹெட் தாழ்நிலத்துத் தேயிலை. நம் மலைத் தேயிலையின் மணம் அதில் இராது, ஆனால் லிக்கர், அதாவது வடித்த சாறு, கடுமையாக, நிறம் அடர்த்தியாக இறங்கும். பாலில்லாமல் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கடுந்தேநீர் குடிக்கும் எகிப்தியருக்கு ஏற்ற சரக்கு.

1973 அக்டோபரில் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலோடு போரில் இறங்கியபோது வங்கதேசத்திடம் கொடுக்கப் பணமும் இல்லை, ஆயுதமும் இல்லை. முஜிப் தேயிலையை அனுப்பினார். சிரியாவுக்கு மருத்துவக் குழு ஒன்றையும் அனுப்பினார். அரபு நாடுகளில் முதலில் ஈராக் 1972 ஜூலையிலேயே அங்கீகரித்திருந்தது. மற்றவை, இஸ்லாமிய நாடு ஒன்றை இந்தியா உடைத்துவிட்டது என்ற பாகிஸ்தானின் பேச்சைக் கேட்டுத் தயங்கி நின்றன. 1973 செப்டம்பரில் அல்ஜியர்ஸில் நடந்த அணிசேரா மாநாட்டில் முஜிப் அரபுத் தலைவர்களை நேருக்கு நேர் கண்டு பேசியதும், தொடர்ந்து போன அந்தத் தேயிலையும் அந்தத் தயக்கத்தைக் கரைத்தன. நன்றிக்கடனாக எகிப்தின் சதாத் 1974இல் சுமார் 30 டி-54 டாங்கிகளை அனுப்பினார். வேண்டாம் என்று மறுக்க முடியாத பரிசு. அதன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முடிச்சு அவிழ்ந்தது லாகூரில். 1974 பிப்ரவரியில் இஸ்லாமிய நாடுகளின் உச்சி மாநாடு அங்கே கூடியது. அங்கீகரிக்காத நாட்டுக்கு வரமாட்டோம் என்றார் முஜிப். குவைத்தின் வெளியுறவு அமைச்சர் தலைமையில் ஒரு குழு டாக்காவுக்குப் பறந்து வந்து பேசியது. பிப்ரவரி 22 அன்று பூட்டோ அங்கீகாரத்தை அறிவித்தார். ஈரானும் துருக்கியும் அதே நாளில் அறிவித்தன. மறுநாள் அல்ஜீரிய அதிபர் பூமெதியனின் விமானத்தில் முஜிப் லாகூரில் இறங்கினார். தன்னைச் சிறையிட்டிருந்த நாட்டின் மண்ணில் இன்னொரு நாட்டின் பிரதமராக அவர் நின்றதைப் பெருமைக்குரிய காட்சியாகவே எல்லோரும் எழுதுகிறார்கள்.

அதற்குக் கொடுத்த விலை ஏப்ரல் 9 அன்று தில்லியில் மூன்று நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. மற்றக் கைதிகளை அனுப்புவது 1973 ஆகஸ்ட் தில்லி ஒப்பந்தத்திலேயே முடிவாகிவிட்டது. போர்க்குற்ற விசாரணைக்காக வங்கதேசம் பெயர் குறித்துப் பிரித்து வைத்திருந்த 195 பாகிஸ்தானியர் மட்டுமே எஞ்சியிருந்தார்கள். விசாரணை நடத்துவோம் என்று டாக்கா இரண்டு ஆண்டுகளாகத் தன் மக்களுக்கு வாக்களித்துவந்தது. மறந்து புதிதாகத் தொடங்குவோம் என்ற பொருள்பட முஜிப் கூறியதை மேற்கோளாக வைத்து, கருணையின் பேரில் விசாரணை கைவிடப்படுவதாக அந்த ஒப்பந்தம் சொல்லியது. 195 பேரும் மற்றவர்களோடு வீடு திரும்பினார்கள். ஜூன் மாதம் பாதுகாப்புச் சபையில் சீனா குறுக்கே நிற்கவில்லை. செப்டம்பர் 17 அன்று வங்கதேசம் 136ஆவது உறுப்பினராயிற்று. 25 அன்று முஜிப் அந்த அவையில் வங்க மொழியில் பேசினார்.

இது தேவையற்ற சரணாகதி என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. மேற்கே இலட்சக்கணக்கான வங்காளிகள் சிக்கிக் கிடந்தார்கள். அவர்களையும் விசாரிப்போம் என்று பூட்டோ மிரட்டிக்கொண்டிருந்தார். ஊரில் பஞ்சம் நெருங்கிக்கொண்டிருந்தது. அரபுப் பணமும் ஐ.நா. இடமும் வேண்டியிருந்தன. ஆனால் கருணை என்று பெயரிட்டதை ஏற்பது கடினம். அது நெருக்கடியில் விற்ற பண்டம். விற்றவருக்கும் அது தெரியும். அந்த 195 பேரில் ஒருவரும் பின்னர் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை. 2010இல் டாக்காவில் அமைந்த தீர்ப்பாயத்தின் முன் நின்றவர்கள் உள்ளூர்க் கூட்டாளிகளே.

டாங்கிகளின் கதைக்கு வருகிறேன். 1975 ஆகஸ்ட் 15 விடியலில் இளம் அதிகாரிகள் சிலர் அந்த எகிப்திய டாங்கிகளைத் தெருவில் இறக்கினார்கள். அவற்றில் குண்டுகளே இல்லை என்று அதை நடத்தியவர்களில் ஒருவரே பின்னாளில் சொன்னார். முஜிபும் வீட்டில் இருந்த குடும்பத்தினரும் கொல்லப்பட்டார்கள். மறுநாள் சவூதி அரேபியா வங்கதேசத்தை அங்கீகரித்தது. ஆகஸ்ட் 31 அன்று சீனா அங்கீகரித்தது. நாடும் மக்களும் எல்லையும் அதேதான். மாறியது ஆள் மட்டுமே. மாண்டிவிடியோவின் நான்கு தகுதிகளில் இதற்கு இடமில்லை.

நாடுகள் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்ட பின்னும் ஏற்கப்படாமல் எஞ்சிய மனிதர்கள் இருந்தார்கள். 1974 ஒப்பந்தத்தில், வங்கதேசத்தில் இருந்த உருது பேசும் பீகாரிகளில் யார் யாரைப் பாகிஸ்தான் எடுத்துக்கொள்ளும் என்று வகை பிரித்திருந்தார்கள்: மேற்கைச் சொந்த ஊராகக் கொண்டவர்கள், மத்திய அரசு ஊழியர்கள், பிரிந்த குடும்பத்தார், மிகவும் நலிந்தவர்களில் 25,000 பேர். மற்றவர்கள் டாக்காவின் ஜெனிவா முகாம் போன்ற இடங்களில் நெருக்கியடித்த அறைகளில் தங்கிவிட்டார்கள். பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்தார்கள். என் தாத்தாவை எண்ணிக்கையாக எழுதிய அதே வகைக் கையெழுத்துதான் இது. 2008 மே மாதம் டாக்கா உயர் நீதிமன்றம் அவர்களை வங்கதேசக் குடிமக்கள் என்று தீர்ப்பளித்து வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சொன்னது; அந்த ஆண்டு டிசம்பர் தேர்தலில் முகாம்வாசிகள் வாக்களித்தார்கள். முகாம் முகவரியைக் காட்டிக் கடவுச்சீட்டு வாங்குவது அதற்குப் பிறகும் எளிதாக இருக்கவில்லை.